செப்டிமா கிளார்க்: வேலையைப் பறித்த பிறகு தொடங்கிய வேலை

கறுப்பின விடுதலை என்றதும் நம் கூட்ட அரங்குகளில் இரண்டு படங்கள் வைக்கப்படும். ஒன்று மார்ட்டின் லூதர் கிங், இன்னொன்று மால்கம் எக்ஸ். சில ஆண்டுகளாக ரோசா பார்க்ஸும் சேர்ந்திருக்கிறார், பேருந்தில் எழுந்திருக்க மறுத்தவர் என்ற ஒற்றை வரியோடு. அந்த ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் அமர்ந்திருந்ததற்கு நான்கு மாதம் முன்பு, டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில் ஒரு பயிற்சிப் பட்டறையில் அமர்ந்திருந்தார். அங்கே அதிகம் பேசவே கூச்சப்பட்டார் என்கிறார்கள். அந்தப் பட்டறையை நடத்தியவர் 57 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் பெயர் செப்டிமா பாயின்செட் கிளார்க். நம் அரங்குகளில் அவருடைய படத்தை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

நமக்கும் அந்தப் போராட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் இயக்கத்தின் பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்தோம், முழக்கத்தை எடுத்தோம், உயர்த்திய கையை எடுத்தோம். ஆனால் அந்த மக்கள் இரவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து தம் பெயரை எழுதிப் பழகிய கதையை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பின்னறையைப் பற்றியது, அதை உருவாக்கிய பாட்டியைப் பற்றியது.

1898 மே 3 அன்று தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் நகரில் செப்டிமா பிறந்தார். அப்பா பீட்டர் பாயின்செட் அடிமையாகப் பிறந்தவர். கிறிஸ்துமஸ் காலத்தில் சிவப்பாகச் சந்தைக்கு வருகிறதே பாயின்செட்டியா, அந்தச் செடிக்குப் பெயர் தந்த ஜோயல் பாயின்செட்டின் பண்ணையில்தான் அவர் அடிமை. எசமான் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும், அவர்களுடைய புத்தகங்களைச் சுமப்பதும், பள்ளி முடியும்வரை வெளியே காத்திருப்பதும் சிறுவனான அவருக்கு இட்ட வேலை. புத்தகத்தைச் சுமந்தவருக்கு அதை வாசிக்க உரிமை இல்லை. வகுப்பறைக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவர்களின் வழிவந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அம்மா விக்டோரியா ஹெய்ட்டியில் வளர்ந்தவர். கடுமையானவர். துணி வெளுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினாரே தவிர, எந்த வெள்ளையர் வீட்டுக்கும் வேலைக்காரியாகப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவர். தன் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதிலும் அதே பிடிவாதம்.

1916இல் படிப்பை முடித்து ஆசிரியர் வேலைக்குத் தகுதி பெற்றபோது செப்டிமாவுக்கு 18 வயது. சார்லஸ்டன் நகரின் பொதுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கலாம், ஆனால் கறுப்பின ஆசிரியர்கள் கற்பிக்கக் கூடாது என்ற நிலை. எனவே ஜான்ஸ் தீவுக்குப் போனார். அப்போது பாலம் கிடையாது, படகுதான். பள்ளியில் 132 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகள். தலைமை ஆசிரியையாகவும் இருந்த இவருக்கு மாதம் 35 டாலர், மற்றவருக்கு 25 டாலர். சாலைக்கு அந்தப் பக்கம் வெள்ளையர் பள்ளி, அங்கே மூன்றே மாணவர்கள். ஆசிரியைக்கு 85 டாலர். சமூகவியல் வகுப்பில் கட்டமைப்புசார் பாகுபாடு என்று பக்கம் பக்கமாகப் படித்தோம். அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வரமாட்டார்கள், பண்ணைக்காரன் விடமாட்டான். வந்தாலும் பாடப்புத்தகம் இல்லை, பலகை இல்லை. அந்தத் தீவு மக்கள் பேசுவது குல்லா மொழி. ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்து பண்ணை நிலத்தில் பிறந்தது, நகரத்தில் கேலிக்கு உள்ளானது. செப்டிமா பிள்ளைகளிடம் அவர்களைச் சுற்றியுள்ள மரம், செடி, விலங்கு பற்றிக் கதை சொல்லச் சொன்னார். சொன்னதைக் காகிதப் பைகளில் எழுதி மாட்டி அதையே பாடமாக வைத்தார். இது 1916இல் நடந்தது. கற்பவரின் சொல்லிலிருந்து கல்வியைத் தொடங்குவது பற்றிப் பாவ்லோ ஃபிரேரேவின் பெயரைச் சொல்லிப் பேசுகிறோமே, அவர் பிறந்ததே 1921இல்தான். ஃபிரேரேவைக் குறைத்துச் சொல்லவில்லை. கோட்பாடு எழுதப்படுவதற்கு முன்பே பல கிராமங்களில் பெண்கள் அதைச் செய்து முடித்திருப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

1919இல் சார்லஸ்டனுக்குத் திரும்பியிருந்தபோது கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம், நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை அமர்த்தக் கோரி மனு இயக்கம் நடத்தியது. கறுப்பினத்தில் கொஞ்சம் வசதியான, வெளிர் நிறத்தவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள், சமையல்காரிகளும் வண்ணார்களும் கேட்கவில்லை என்று வெள்ளையர் தரப்பு சொன்னது. உடனே அந்தச் சமையல்காரிகள், துணி வெளுப்பவர்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். செப்டிமா தன் மாணவர்களோடு வாசல் ஏறி இறங்கினார். பத்தாயிரம் கையெழுத்துகள் சேர்ந்தன. 1920இல் கோரிக்கை வென்றது.

சொந்த வாழ்க்கையில் அடி மேல் அடி. கப்பற்படைச் சமையற்காரரான நெரி கிளார்க்கைக் காதலித்து மணந்தார். முதல் குழந்தை 23 நாளில் இறந்தது. 1925இல் கணவரும் சிறுநீரகக் கோளாறால் இறந்துபோனார். கைக்குழந்தையான மகனை வைத்துக்கொண்டு ஆசிரியர் சம்பளத்தில் வாழ முடியவில்லை. கடைசியில் வட கரோலினாவில் இருந்த கணவரின் பெற்றோரிடம் அனுப்பினார், மகன் அங்கேயே வளர்ந்தான். தாய் இன்னொரு ஊரில் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க, பிள்ளையைத் தாத்தாவும் பாட்டியும் வளர்த்தார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகளை ஆயாக்களும் அம்மாச்சிகளும் வளர்க்கும் ஊர்களில் வேலை செய்யும் எங்களுக்கு, இந்த வரிகளைக் கடந்து போவது சிரமமாக இருந்தது.

வேலை பார்த்துக்கொண்டே 1942இல் இளங்கலை, 1946இல் முதுகலை முடித்தார். கொலம்பியா நகரில் இருந்தபோது, கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளை ஆசிரியர்களுக்கும் சம ஊதியம் கேட்டுத் தர்குட் மார்ஷல் நடத்திய வழக்குக்காக உழைத்தார். 1945இல் வென்றார்கள். அவருடைய சம்பளம் மூன்று மடங்கானது.

இனி 1956. பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. தென் மாநிலங்கள் அந்தத் தீர்ப்புக்குப் பழிவாங்கக் கிளம்பின. தேசியச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் எவரும் மாநில, நகர அரசு வேலையில் இருக்கக் கூடாது என்று தென் கரோலினா சட்டம் போட்டது. பலரும் அட்டையைக் கிழித்தார்கள், சிலர் மறைத்தார்கள். செப்டிமா மறைக்கவில்லை. 40 ஆண்டுப் பணி ஒரே நாளில் போனது. ஓய்வூதியமும் போனது. அப்போது வயது 58.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டம் அநியாயமானது என்று எதிர்ப்புத் தெரிவிக்கும்படி அவர் 726 கறுப்பின ஆசிரியர்களுக்குத் தன் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார். 26 பேர் பதில் எழுதினார்கள். அதிகாரியை நேரில் பார்க்கப் பதினோரு பேர் வருவதாகச் சொன்னார்கள். அந்த நாளில் வந்தவர்கள் ஐந்து பேர். அவர் உறுப்பினராக இருந்த பட்டதாரிப் பெண்கள் அமைப்பு அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது. ஆனால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பெண்கள் அஞ்சினார்கள். படம் பத்திரிகையில் வந்தால் வேலை போய்விடுமே.

வேலையில் இருக்கும் நம் ஆட்களைப் பற்றி நாம் எவ்வளவு கோபமாகப் பேசுகிறோம்! அரசு வேலை கிடைத்ததும் சேரியை மறந்தவர்கள் என்கிறோம், கூட்டத்துக்கு நன்கொடை தருவார்கள், மேடைக்கு வரமாட்டார்கள் என்கிறோம். செப்டிமாவுக்கு அப்படிக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது. அவர் வேறு முடிவுக்கு வந்தார். அந்த 721 பேரின் அச்சத்தை அவர் குறையாகப் பார்க்கவில்லை. அவர்கள் இன்னும் தயாராகாத ஒன்றுக்குள் நான்தான் அவர்களைத் தள்ளப் பார்த்தேன், முதலில் பயிற்சி, பிறகுதான் துணிச்சல் என்றார். தன் வாழ்வின் தோல்விகளில் ஒன்று என்று அதைப் பின்னாளில் குறிப்பிட்டார். அடுத்த பதினான்கு ஆண்டுகள் அவர் செய்ததெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து புறப்பட்டவை.

சார்லஸ்டனில் வேறு வேலை கிடைக்கவில்லை. டென்னசியில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திய ஹைலாண்டர் மக்கள் பள்ளி அவரைப் பட்டறைகளின் இயக்குநராக அழைத்துக்கொண்டது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடும் இடம் அது. அன்றைய தென் மாநிலங்களில் அதுவே குற்றம்போல் பார்க்கப்பட்டது.

இதற்கிடையே ஜான்ஸ் தீவில் ஏசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். தீவு மக்களைச் சார்லஸ்டனுக்கு வேலைக்கு ஏற்றிப் போகும் பேருந்து. வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசமைப்பின் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்ட வேண்டும். எனவே ஜென்கின்ஸ் பேருந்திலேயே பயணிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். ஆலிஸ் வைன் என்ற பெண் முழுப் பகுதியையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, வாசிப்பதுபோல் ஒப்பித்துப் பதிவும் பெற்றுவிட்டார். ஆனால் அவருக்கு அது போதவில்லை. எனக்கு உண்மையிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். வாக்குரிமை வந்துவிட்டது, எழுத்து வரவில்லையே என்ற அந்தக் குறையிலிருந்து பிறந்ததுதான் குடியுரிமைப் பள்ளி.

பள்ளிக்கு இடம் வேண்டும். ஹைலாண்டர் 1,500 டாலர் கடன் கொடுத்தது. மக்கள் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி, முன்பக்கம் கூட்டுறவுப் பலசரக்குக் கடை வைத்தார்கள், பின்பக்கம் சன்னல் இல்லாத இரண்டு அறைகள். வெள்ளையர் எட்டிப் பார்த்தால் அரிசியும் சர்க்கரையும்தான் தெரியும். 1957 சனவரி 7 அன்று அந்தப் பின்னறையில் 14 பேரோடு முதல் வகுப்பு தொடங்கியது.

கற்பிக்க வந்தவர் பெர்னிஸ் ராபின்சன். செப்டிமாவின் உறவினர். அழகு நிலையம் நடத்தியவர், தையலும் தெரியும், ஆசிரியர் பயிற்சி கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படி ஒருவரைத் தேர்ந்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தால் மாணவர்களைத் தாழ்த்திப் பார்ப்பார் என்று செப்டிமாவுக்குத் தெரியும், அவரே ஆசிரியர் அல்லவா. இன்னொரு காரணமும் உண்டு. அழகு நிலையப் பெண்ணின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். எந்த வெள்ளை முதலாளியும் அவருடைய பிழைப்பில் கைவைக்க முடியாது. 726 கடிதங்கள் கற்றுத்தந்த பாடம் இங்கே வேலை செய்கிறது. அச்சமின்றி நிற்கக்கூடியவர் யார் என்பதை அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்தே பார்த்தார்கள்.

ராபின்சன் கொண்டுபோன குழந்தைப் பாடப்புத்தகம் முதல் நாளே ஒதுக்கப்பட்டது. நான் ஆசிரியை இல்லை, சேர்ந்து கற்போம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒருவருக்குப் பைபிள் வாசிக்க வேண்டும். ஒருவருக்கு மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். கடைப்பட்டியலைப் பார்த்துப் பொருள் வரவழைக்க வேண்டும், செய்தித்தாள் படிக்க வேண்டும், தன் பெயரைத் தானே எழுத வேண்டும். அதுதான் பாடத்திட்டம். பெயரை அட்டையில் எழுதிக்கொடுத்து அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள், எழுத்தின் வளைவு கைக்குப் பழகும்வரை. ஏர் பிடித்த கைகள் பென்சிலையும் அதே அழுத்தத்தில் பிடிக்கும், பென்சில் பட்டென்று முறியும். முறிந்தால் முறியட்டும், இன்னொன்று இருக்கிறது என்பார் செப்டிமா. அந்த அறையின் சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் ஒட்டப்பட்டிருந்தது. வகுப்பு முடிவதற்குள் எல்லோரும் இதை வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று முதல் நாளிலேயே ராபின்சன் முடிவு செய்திருந்தார்.

நூறு நாள் வேலைப் பதிவேட்டில் கைநாட்டு வைத்த ஓர் அம்மா, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட மறுவாரம், அதற்கு மேலே என்ன எழுதியிருக்கு என்று எங்களிடம் கேட்டார். எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது, எவ்வளவு கூலி என்று எழுதியிருக்கிறது? பெயரில் தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்று ஆதிக்கத்தில் இருப்பவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். டென்னசி அரசுக்கும் தெரிந்திருந்தது. 1959 சூலை 31 இரவு ஹைலாண்டரில் காவல்துறை நுழைந்தது. ஹார்ட்டன் ஊரில் இல்லை, பொறுப்பில் இருந்தவர் செப்டிமா. மது வைத்திருந்தார் என்று அவரைக் கைது செய்தார்கள், வாழ்நாளில் மதுவைத் தொடாதவரை. வழக்கு நிற்கவில்லை, ஆனால் 1961இல் அந்தப் பள்ளியை அரசு மூடியேவிட்டது.

அதற்குள் குடியுரிமைப் பள்ளித் திட்டம், மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தெற்கத்தியக் கிறித்துவத் தலைமை மாநாட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது. ஜார்ஜியாவில் டார்செஸ்டர் என்ற இடத்தில் பயிற்சி மையம். செப்டிமா, டாரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் நடத்தினார்கள். பல மாநிலங்களிலிருந்து விவசாயிகளும் கூலிகளும் பேருந்தில் வருவார்கள், சில நாள் பயிற்சி, திரும்பிப் போய்த் தம் ஊரில் வகுப்பு. வாரம் இரண்டு இரவு கற்பித்தால் மாதம் 30 டாலர். மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் உழைத்து, பின்னர் நாடறிந்த தலைவராக நின்ற ஃபேன்னி லூ ஹேமர் இந்தத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர். 1957 முதல் 1970 வரை 897 பள்ளிகள் நடந்ததாகச் செப்டிமா கணக்குச் சொல்கிறார். சமையலறையில், மரத்தடியில், தேவாலயத்தில், அழகு நிலையத்தில். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபோது பதிவு அலுவலகங்களின் முன் வரிசையில் நின்றவர்களை யார் தயார் செய்தார்கள் என்று நம் வரலாற்று நூல்களில் தேடிப் பாருங்கள்.

கிங் அவரை இயக்கத்தின் தாய் என்று அழைத்ததாகச் சொல்வார்கள். எங்களுக்கு அந்தப் பட்டத்தில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தாய் என்பவரை வணங்கலாம், கூட்டத்தில் பேச விட வேண்டியதில்லை. இந்த அம்மா எதற்குச் செயற்குழுவில் இருக்கிறார் என்று ரால்ஃப் அபர்நதி பலமுறை கேட்டாராம். இவ்வளவு பேரைக் கொண்டுவந்த திட்டத்தை உருவாக்கியவர் என்று கிங் பதில் சொன்னாராம். அதே கிங்குக்குச் செப்டிமா ஒருமுறை கடிதம் எழுதினார். எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காதீர்கள், அந்தந்த ஊரில் தலைவர்கள் உருவாகட்டும் என்பதுதான் செய்தி. கூட்டத்தில் கடிதம் வாசிக்கப்பட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். கிங்கை அவர் மதித்தார், 1964இல் நோபல் பரிசு வாங்க கிங் போனபோது உடன் சென்றவர்களில் அவரும் ஒருவர். மதித்துக்கொண்டே இதையும் சொன்னார். பெண்களின் சொல்லை இயக்கத்து ஆண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அது இயக்கத்தின் பெரும் பலவீனம் என்று பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். நம் அமைப்புகளின் மாநிலப் பொறுப்பாளர் பட்டியலை எடுத்து, மகளிரணியை நீக்கிவிட்டு, பெண்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள் தோழர்களே. சிரிப்புச் சத்தம் இங்கேயும் கேட்கும்.

1970இல், 72 வயதில் ஓய்வு பெற்றுச் சார்லஸ்டன் திரும்பினார். பேரப்பிள்ளைகள் பார்த்த பாட்டி. ஆனால் ஓய்வு என்பது அவருக்கு ஒரு வழக்காகவே இருந்தது. 40 ஆண்டு உழைத்ததற்கான ஓய்வூதியத்தை அரசு விழுங்கியிருந்தது. அதைத் தர்மமாகக் கேட்கவில்லை, பாக்கியாகக் கேட்டார். நம் தெருக்களில் அறுபது வயதுக்குப் பிறகும் நடவுக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பாட்டிகளை உழைப்பாளி என்று புகழ்கிறோம். ஓய்வு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்று சொல்வதில்லை. முதியோர் உதவித்தொகைக்கு அலையும் பாட்டிக்கும் செப்டிமாவுக்கும் உள்ள வேறுபாடு, இவரிடம் நியமன ஆணை இருந்தது என்பதுதான்.

சும்மா இருக்கவும் இல்லை. உழைக்கும் தாய்மார்களுக்காகக் குழந்தைகள் காப்பகங்கள் அமைய வேலை செய்தார். 1975இல், ஏறத்தாழ 77 வயதில், சார்லஸ்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்தலில் நின்று வென்றார். எந்த ஊரின் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டாரோ அந்த ஊரின் பள்ளிகளை நிர்வகிக்கும் மேசையில் உட்கார்ந்தார். 1976இல், அவரை நீக்கியது அநியாயம் என்று ஒப்புக்கொண்டு, ஆண்டுக்கு 3,600 டாலர் ஓய்வூதியத்தை மாநிலம் தரத் தொடங்கியது. அதோடு அவர் விடவில்லை. இழந்த சம்பளமும் வேண்டும் என்றார். 1981இல் அதற்கும் சட்டமன்றம் இணங்கியது. வேலை போன நாளிலிருந்து எண்ணினால் 25 ஆண்டுகள்.

1986இல் அவருடைய வாழ்க்கைக் கதை 'ரெடி ஃப்ரம் விதின்' என்ற நூலாக வந்தது. 1987 டிசம்பர் 15 அன்று, ஆசிரியப் பணியைத் தொடங்கிய அதே ஜான்ஸ் தீவில் இறந்தார். சார்லஸ்டன் நகரின் குறுக்கே போகும் விரைவுச் சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1960களில் கறுப்பின மக்களின் குடியிருப்புகளை இடித்துப் போட்ட சாலை அது. மழை பெய்தால் இன்றும் தண்ணீர் நிற்கும்.